ஆட்டுக்குட்டிப் பாட்டை யாத்தவர் யாவர்?

(நம் சங்கக் கல்விக் கழகத்தின் கலைமகள் விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

முன்னே விரித்த பாயில் அமர்ந்து எம்மையும் மேசைமேலிருக்கும் சுண்டற் பாத்திரத்தையும் மாறிமாறி நோக்கும் குழந்தைகளே!

சங்கத்தார் வெளியிடக் கருதியிருக்கும் பாடற்றிரட்டைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். அத்திரட்டிற் சேரவேண்டியனவற்றுள் ஒரு கும்மிப்பாட்டு உண்டு. நம் பெண்குழந்தைகள் ஆண்டுதோறும் இம்மண்டபத்திலே கைகோத்துப் பாடுவது அது. இங்குள்ள தாய்மார் பலரும் தம் இளமையில் அதனைப் பாடி ஆடியவரே. அதன் தலைப்பில் யாருடைய பெயரைப் பொறிப்பது என்னும் வினாவே எழாமல் இருந்திருப்பின் நலமாயிருக்கும். எழுந்துவிட்டது. கீழைத்தெருக் குடும்பத்தார் தம் பாட்டனார் இயற்றியது என்கின்றனர். மேலைத்தெருக் குடும்பத்தாரோ தம் வீட்டுத் திண்ணையில் பள்ளி நடத்திய உபாத்தியாயர் இயற்றியது என்றும், அவர் பெயரின் முதலெழுத்துகளோடு அச்சிட்ட தாள் ஒன்று தம் பேழையில் இருந்ததென்றும் கூறுகின்றனர். மூன்று தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரு வீட்டாரும் சென்ற ஆவணித் திருமணத்தில் ஒரு பந்தியில் அமரவில்லை என்பதை நினைக்கும்போது, ஒரு கும்மிப்பாட்டுக்கு இத்துணை ஆற்றல் உண்டா என்று எமக்கே வியப்பாயிருக்கின்றது.

யாம் தமிழ் கற்றவர் என்னும் ஒரு காரணம் பற்றி, இதற்குத் தீர்ப்புக் கூறும்படி சிலர் கேட்டனர். கூறமாட்டோம் என்று அப்பொழுதே மறுத்துவிட்டோம். ஆயினும் இதனை ஒத்த வழக்கு ஒன்று கடல்கடந்த நாட்டில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கின்றது. அதில் நமக்கு உறவினர் எவரும் இல்லை. ஆதலின் சினமின்றி ஆராயலாம். அதனையே இன்று எடுத்துக்கொண்டோம்.

மேரியின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஆங்கிலப் பாட்டை அறியாத குழந்தை இம்மண்டபத்தில் இல்லை. அரிச்சுவடிக்கு முன்பே அதனைக் கைபேசியிற் கேட்டுக் கற்றுவிடுகின்றனர். பாட்டின் பொருள் எளியது. ஒரு சிறுமி ஆட்டுக்குட்டி ஒன்றை அன்போடு வளர்க்கின்றாள், அஃது ஒருநாள் அவளைத் தொடர்ந்து பள்ளிக்கூடம் புகுகின்றது, பிள்ளைகள் நகைக்கின்றனர், ஆசிரியர் அதனை வெளியேற்றுகின்றார், அது போகாமல் வெளியே காத்திருந்து, அவள் வந்ததும் ஓடிச்சென்று அவள் கைமேல் தலைசாய்க்கின்றது. ஆடு ஏன் மேரியை இவ்வளவு நேசிக்கின்றது என்று பிள்ளைகள் வினவ, மேரி அதனை நேசிப்பதால் என்று ஆசிரியர் விடை பகர்ந்து, உயிர்களிடத்து அன்பாயிருக்கும்படி அறிவுறுத்துகின்றார். நம் குழந்தைகள் முதல் நான்கடியோடு நிறுத்திவிடுகின்றனர். அச்சிட்ட மூலத்தில் அடிகள் 24.

இப்பாட்டு முதன்முதல் அச்சேறியது 1830-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்தில். சாரா ஜோசபா ஹேல் என்னும் அம்மையார் குழந்தைகளுக்கென வெளியிட்ட சிறு பாட்டுநூலில் அஃது உள்ளது. அவ்வாண்டிலேயே சிறுவர்க்கான பத்திரிகை ஒன்றிலும், அவர் பெயரின் முதலெழுத்துகளோடு வந்தது.

அவ்வம்மையாரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1788-இல் நியூ ஹாம்ப்ஷயர் நாட்டு நியூபோர்ட் என்னும் ஊரிற் பிறந்தவர். மணமாகும்முன் பள்ளியாசிரியராயிருந்தவர், ஆதலின் எம் இனத்தவர் என்று யாம் உரிமை பாராட்டலாம். 1813-இல் வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1822-இல் கணவர் இறந்தார். ஐந்து குழந்தைகள், பொருளில்லை. அக்காலத்து அந்நாட்டில் கைம்பெண்ணுக்கு இருந்த வழிகள் தையலும் அத்தகைய சில தொழில்களுமே. அவர் எழுதுகோலைக் கையிற்கொண்டார். 1827-இல் ஒரு நவீனம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் பெண்களுக்கான பத்திரிகையொன்றின் ஆசிரியரானார். 1837 முதல் 1877 வரை நாற்பதாண்டுக் காலம் 'கோடியின் மகளிர் ஏடு' என்னும் புகழ்பெற்ற மாசிகையை நடத்தினார். விட்டபோது அவர்க்கு வயது 89. அமெரிக்கர் ஆண்டுதோறும் கொண்டாடும் நன்றி நவிலும் திருநாளை நாடு முழுதுக்கும் ஒருநாளாக்க வேண்டுமென்று பல்லாண்டு எழுதியெழுதி, ஒன்றன்பின் ஒருவராக வந்த அதிபர்க்கெல்லாம் விண்ணப்பித்து, ஈற்றில் 1863-இல் லிங்கன் அதனை அறிவிக்கச் செய்தவரும் இவரே. கணவர் இறந்த நாள் முதலாகக் கறுப்புடையே அணிந்தார்.

நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு உரியவற்றைக் கூறுமிடத்து ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தார். அதன்மேலும் காலம், களம், காரணம் என்னும் மூன்றைச் சேர்த்து உரைப்பாரும் உளர் என்றார். அம்முறையில் இப்பாட்டை நோக்கின், காலம் 1830, களம் பாஸ்டன், காரணமும் தெளிவு. லோயல் மேசன் என்னும் இசைவாணர் பள்ளிப்பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க வேண்டும் என்று அந்நகரிற் பெரிதும் முயன்றவர். பிள்ளைகள் பாடத்தக்க எளிய பாட்டுகள் வேண்டுமென்று அவர் கேட்க, ஹேல் அம்மையார் இயற்றினார். மேசன் அதற்கு மெட்டமைத்துத் தம் இசைநூலில் 1831-இல் சேர்த்தார். இப்பொழுது நம் பிள்ளைகள் பாடும் மெட்டு அதுவன்று. அது பின்னர் வந்த வேறொரு பாட்டின் மெட்டு.

இவ்வளவில் ஐயத்துக்கு இடம் எங்கே என்பீர்கள். சொல்கின்றோம்.

மாசசூசெட்சு நாட்டு ஸ்டெர்லிங் என்னும் சிற்றூரில் மேரி சாயர் என்னும் பெண் 1806-இல் பிறந்தாள். உழவர் குடும்பம். ஒருநாட் காலை தந்தையோடு தொழுவத்துக்குச் சென்றவள், இரட்டையாகப் பிறந்த குட்டிகளுள் ஒன்றைத் தாயாடு ஏற்காது தள்ள, அது குளிரால் விறைத்துச் சாகுந்தறுவாயிற் கிடந்ததைக் கண்டாள். வேண்டி வாங்கித் துணியிற் சுற்றி, அடுப்பருகே இராமுழுதும் மடியில் வைத்துக் காத்தாள். அது பிழைத்தது. ஆடு மாடு வளர்க்கும் நம் வீடுகளிலும் இது நிகழ்வதே. புட்டியிற் பாலூட்டி வளர்த்த குட்டி வளர்த்தவளை விட்டு அகலாது என்பதை இங்குள்ள தாய்மாருக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. ஒருநாள் அவள் தமையனின் சொற்கேட்டுக் குட்டியைப் பள்ளிக்குக் கொண்டுசென்று பலகையின்கீழ் மறைத்துவைத்தாள், அவள் பாடம் ஒப்புவிக்க எழுந்தபோது குட்டியும் குளம்பொலி எழப் பின்தொடர்ந்தது, பிள்ளைகள் நகைத்தனர், ஆசிரியையும் நகைத்து, அதனை வெளியே விடச்செய்தார்.

அன்று அப்பள்ளிக்கு ஜான் ரோல்ஸ்டன் என்னும் இளைஞன் வந்திருந்தானாம். சமயகுரு ஒருவரிடம் தங்கி, கல்லூரியிற் சேர்தற்குப் படித்துக்கொண்டிருந்தவன். நிகழ்ந்ததைக் கண்டு மகிழ்ந்து, மறுநாள் குதிரைமீது வந்து மேரியிடம் ஒரு சீட்டை நீட்டினான். அதில் நான்கடிக் கண்ணி மூன்று, ஆகப் பன்னிரண்டு அடி எழுதியிருந்தனவாம். அவ்விளைஞன் ஹார்வர்டு கல்லூரியிற் சேர்ந்து சிறிதுகாலத்தில் இறந்தான். சீட்டும் இறந்தது. மேரியின் சொல் ஒன்றே எஞ்சியது.

குட்டி என்னாயிற்று என்று முன்வரிசையில் ஒரு குழந்தை கேட்கின்றது. வளர்ந்து தானும் குட்டிகள் ஈன்றது. பின்னர் ஒருநாள் தொழுவத்திற் பசுவொன்று முட்ட, மேரியின் மடியில் தலைவைத்து இறந்தது. அந்நாள் நன்றித் திருநாள் என்று மேரி கூறியிருக்கின்றார். பின்னாளில் அத்திருநாளுக்காகப் பல்லாண்டு வாதாடியவர் ஹேல் அம்மையார் என்பதை நினைத்தால், ஊழ் இவ்விருவரையும் எங்கெங்கோ முடிச்சிட்டிருக்கிறது என்று தோன்றுகின்றது. இஃது எம் வியப்பேயன்றி ஆராய்ச்சியன்று.

மேரி சாயர் மணமுடித்து மேரி டைலர் ஆனார், முதுமையெய்தினார். 1870-களின் பிற்பகுதியில் பாஸ்டனின் பழைய கூட்டமண்டபம் ஒன்று இடிபடும் நிலைக்கு வந்தது. அந்நாட்டு விடுதலைப் போரோடு தொடர்புடைய மண்டபமாதலின், அதனைக் காத்தற்கு நகரத்துப் பெண்டிர் பொருள் திரட்டினர். அக்குட்டியின் கம்பளத்தால் தம் தாயார் பின்னிக் கொடுத்த காலுறை இணை ஒன்று மேரி அம்மையாரிடம் அதுவரை இருந்தது. அதனைப் பிரித்து, நூலைச் சிறுசிறு துணுக்காக நறுக்கி, அட்டையிற் கட்டி, தம் கையொப்பமும் இட்டு விற்கக் கொடுத்தார். அப்பொழுதுதான் மேரியின் கதையும் ரோல்ஸ்டன் என்னும் பெயரும் நாடறிந்தன. அந்நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகள்.

ஹேல் அம்மையார் அப்பொழுது உயிரோடிருந்தார். தொண்ணூறு வயதை அணுகிய அவர், பாட்டு முழுதும் தம்முடையதே என்று உறுதியாக மொழிந்து 1879-இல் மறைந்தார். மேரி அம்மையாரும் தம் சொல்லினின்று மாறாமல் 1889-இல் மறைந்தார்.

இவ்விருவருக்கும் இடையே மூன்றாவதாக வேல்ஸ் நாட்டிலிருந்தும் ஒரு மேரி வந்தார். பாட்டிற் கூறிய மேரி தாமே என்பது அவர் கூற்று. ஆனால் அவ்வம்மையார் பிறந்தது 1840-களில்; பாட்டு அச்சேறியதோ 1830-இல். பிறக்குமுன் ஆடு வளர்த்தல் யோகிகளுக்கும் அரிது. அவரை விடுத்து மேற்செல்வோம்.

வழக்கு இவ்வாறு இரு கிழவியரோடு போயிருக்கும். போகாமற் செய்தவர் மோட்டார் வண்டித் தொழிலில் பெருஞ்செல்வரான ஹென்றி போர்டு. பழம்பொருள்களைத் திரட்டுவதில் அவருக்குத் தணியாத வேட்கை. 1923-இல் மாசசூசெட்சு நாட்டுச் சட்பரி என்னும் ஊரிலிருந்த பழைய சத்திரம் ஒன்றை விலைக்கு வாங்கினார். பின்னர், மேரி பயின்றதாகக் கூறப்படும் ஸ்டெர்லிங் பள்ளிக்கூடத்தின் மரங்களையும் வாங்கிக் கொணர்ந்து, அச்சத்திரத்துக்கு அருகே பள்ளியாகக் கட்டுவித்தார். 1927 முதல் 1951 வரை அதில் உண்மையாகவே பிள்ளைகள் படித்தனர். 1928-இல் அவரும் மனைவியாரும் ஒரு சிறுநூல் வெளியிட்டு, முதற் பன்னிரண்டு அடிகள் ரோல்ஸ்டனுடையவை, பிற்பன்னிரண்டே ஹேல் அம்மையாருடையவை என்று தீர்ப்பளித்தனர்.

பாகப்பிரிவினை பார்ப்பதற்கு நன்றாயிருக்கின்றது. இருவருக்கும் சரிபாதி; எவர்க்கும் மனக்குறை இல்லை. ஆயின் நிலத்தைப் பிரிப்பதுபோற் பாட்டைப் பிரித்தல் ஆகுமா என்பதை ஆராய வேண்டும். ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகல் உண்டா என்று நம் புலவர்கள் ஆராயும் முறை ஒன்று இருக்கின்றதன்றோ? யாப்பையும் நடையையும் பொருட்டொடர்பையும் நோக்கி, ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று தடவிப் பார்ப்பது. அதனை இப்பாட்டிற் செய்துபார்ப்போம். யாம் ஆங்கிலத்தில் வல்லுநரல்லேம்; எனினும் இதற்குப் பெரும்புலமை வேண்டா, செவி போதும்.

1830-இல் அச்சிட்ட பாட்டு எவ்வெட்டு அடிகொண்ட மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. போர்டு கூறும் பன்னிரண்டாம் அடியோ இரண்டாம் பகுதியின் நட்டநடுவே விழுகின்றது. அவ்விடத்தில் வாக்கியமும் முடியவில்லை. குட்டி மேரியின் வரவுக்காகக் காத்திருந்தது என்பதோடு நில்லாமல், வந்ததும் ஓடிற்று என்று அடுத்த அடிக்குத் தொடர்கின்றது. ஒருவர் பாட்டோடு மற்றொருவர் தம் பாட்டை ஒட்டவைத்தால் ஒட்டு பெரும்பாலும் பகுதியின் ஓரத்தில் இருக்கும், நடுவயிற்றில் இராது. பன்னிரண்டு அடியோடு நிறுத்தினும் கதை ஒருவாறு நிற்கும் என்பதை மறுக்கின்றோமில்லை. திறமையுடைய ஒருவர் ஒட்டுத் தெரியாமல் தைக்கவுங்கூடும். ஆகவே இஃதொன்றே போதாது.

இனித் தொடையை நோக்குவோம். ஆங்கிலப் பாட்டுக்கு அடியிறுதியில் ஒலி ஒத்துவருதல் இன்றியமையாதது. நம் இயைபுத்தொடை போல்வது. இப்பாட்டின் முதல் நான்கடியில் இரண்டாவதும் நான்காவதுமே இயைகின்றன. முதலாவதும் மூன்றாவதும் இயைபின்றி நிற்கின்றன. ஐந்தாம் அடி தொடங்கி இறுதிவரையிலும் நான்கு நான்காகக் கொண்டால், முதலாவது மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும் இயைகின்றன. கடைசி நான்கடியில் ஓரிணை சற்றே நெகிழினும் முறை அதுவே. இதனால் அறிவது யாது? ஓசையில் மாறுதல் இருக்குமாயின் அது நான்காம் அடியின் பின் இருக்கின்றதேயன்றிப் பன்னிரண்டாம் அடியின் பின் இல்லை. ரோல்ஸ்டனுடையன என்னும் ஐந்து முதற் பன்னிரண்டு வரையுள்ள அடிகளும், ஹேல் அம்மையாருடையன என யாவரும் ஒப்பும் பின்னடிகளும் ஒரே தறியில் நெய்த துணியாய் இருக்கின்றன. போர்டு காட்டிய இடத்தில் எமக்கு ஒட்டுப் புலப்படவில்லை.

முற்பாதி கதையும் பிற்பாதி அறவுரையுமாக இருப்பதால் எழுதினோர் இருவர் என்பர் சிலர். இவர்கள் ஒருநாளேனும் வகுப்பில் நின்று பாடஞ்சொல்லியிருப்பின் இவ்வாறு கூறார். கதையை முன்னே சொல்லிப் பிள்ளைகள் வாயைத் திறந்தபின் அறத்தைப் புகட்டுவது ஆசிரியத் தொழிலின் பழம்பாடம். ஹேல் அம்மையாரோ அந்நூலின் முகப்பிலேயே, பிள்ளைகட்கு நல்லொழுக்கமும் நல்லுணர்ச்சியும் ஊட்டுதற்கு எழுதியது என்று அச்சிட்டிருக்கின்றார்.

ஆகவே எம் மனம் ஹேல் அம்மையார் பக்கமே சாய்கின்றது. 1830-இல் நூல் வெளிவந்தபின் நாற்பதாண்டுக்குமேல் எவரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ரோல்ஸ்டன் எழுதியதாக ஒரு துண்டுத்தாளும் இல்லை.

அங்ஙனமாயின் மேரி அம்மையார் பொய் கூறினாரா? ஒருகாலும் அவ்வாறு கருதமாட்டோம். ஆட்டுக்குட்டி உண்மை, பள்ளிக்கூடம் உண்மை, காலுறையை இழையிழையாகப் பிரித்துப் பொதுக்காரியத்துக்குக் கொடுத்தவர் பொய்க்கதை கட்டிப் பெயர்தேட வேண்டிய தேவை என்ன? இளைஞன் சீட்டுக் கொடுத்ததும் உண்மையாயிருக்கலாம். அதில் குட்டியைப் பற்றி ஏதோ ஒரு பாட்டும் இருந்திருக்கலாம். பின்னர் நாடெங்கும், பள்ளிதோறும், தம் பெயரும் தம் கதையும் ஒத்த ஒரு பாட்டு ஒலிப்பதைப் பல்லாண்டு கேட்டுக்கேட்டு, பழஞ்சுவரின் எழுத்தின்மேல் புதுச்சுண்ணம் பூசியது போல, நினைவிலிருந்த சீட்டின்மேல் இப்பாட்டே படிந்துவிட்டிருக்கலாம். இஃது எம் ஊகம். அறுபதாண்டு நினைவு என்பது எத்துணைத் தூய நெஞ்சிலும் ஆடாமல் அசையாமல் இராது. நம் வீட்டு முதியோர் ஒரே திருமணத்தை இருமுறை விவரிக்கக் கேட்ட எவரும் இதனை அறிவர்.

பெயர் எவ்வாறு கழன்றுபோயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1857-இல் அந்நாட்டு மாணாக்கர் பெருவாரியாகப் படித்த மாக்கஃபி வாசகப் புத்தகத்தில் இப்பாட்டு ஆசிரியர் பெயரின்றியே அச்சாயிற்று. பெயரற்ற பாட்டு திறந்துகிடக்கும் வீடு; எவரும் உள்ளே நுழையலாம். 1877-இல் எடிசன் தாம் புதிதாகச் செய்த ஒலிப்பதிவுப் பொறியின்முன் நின்று முதன்முதலாகச் சொல்லிச் சோதித்தது இப்பாட்டின் தொடக்கமே. அப்பொறி அதனைத் திருப்பிச் சொன்னபோது உலகம் எடிசனின் பெயரைச் சொல்லிற்று. பாட்டியற்றிய அம்மையார் அந்நாளில் உயிரோடிருந்தும் அவரை நினைத்தவர் சிலரே. நம்மிடத்தும் இஃது உண்டு. குறுந்தொகைப் புலவர் ஒருவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, செம்மண்ணில் விழுந்த நீரை உவமித்த சிறப்பால் செம்புலப்பெயனீரார் என்பதே பெயராயிற்று. அவர்க்காவது பாட்டு பெயர் கொடுத்தது. பலர்க்கு அதுவும் இல்லை.

செல்வத்தின் வலியையும் இவ்வழக்கில் காணலாம். ஹேல் அம்மையாருக்காகப் பேசுவது ஒரு சிறிய நூல். ரோல்ஸ்டனுக்காகப் பேசுவதோ கண்ணாற் காணத்தக்க, உள்ளே நுழைந்து பலகையில் அமரத்தக்க ஒரு பள்ளிக்கூடம். பார்க்க வருவோர் எதனை நம்புவர்? போர்டு வஞ்சகம் செய்தார் என்கின்றோமில்லை. அவர் நம்பியதைக் கட்டினார். ஆனால் கட்டடம் சான்றாகாது. ஸ்டெர்லிங் ஊரினர் ஆட்டுக்குட்டிக்குச் சிலை நிறுவியுள்ளனர். மேரி பிறந்த வீடு 2007-இல் தீக்கிரையாயிற்று. வீடு எரிந்தமையால் மேரியின் கதை பொய்யாகிவிடவில்லை; சிலை நிற்பதால் ரோல்ஸ்டனின் உரிமை மெய்யாகிவிடவுமில்லை.

இவ்வழக்கை யாம் இவ்வளவு நுணுகிப் பார்க்கக் காரணம் ஒன்றுண்டு. இதுவரை எவரிடமும் சொல்லாதது. இருபதாண்டுகளுக்கு முன்னர், யாம் பண்டிதத் தேர்வு பெற்றுப் புதிதாக ஒரு பள்ளியிற் சேர்ந்த காலத்தில், மாணவன் ஒருவன் வகுப்பில் ஒரு தாலாட்டைப் பாடி, இது தன் பாட்டியார் கட்டியது என்றான். அப்பாட்டை ஓர் அச்சுநூலில் வேறொருவர் பெயரோடு யாம் கண்டிருந்தோம். புதுப்புலமைச் செருக்கில், பிறர் பொருளைத் தன்பொருள் என்னலாகாது என்று அனைவர்முன்னும் அவனைக் கடிந்தோம். வகுப்பு நகைத்தது. மறுவாரம் அப்பாட்டியார் பள்ளி வாயில்வரை வந்து, எம்மிடம் ஒன்றும் பேசாமல், பேரனுக்கு மதிய உணவைக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவர் காலமானபின், அந்த அச்சுநூலைத் தொகுத்தவர் ஊரூராகச் சென்று பெண்டிர் வாயிற் கேட்டெழுதியவர் என்பதை அந்நூலின் முன்னுரையிலேயே படித்தோம். முன்னரே படித்திருக்க வேண்டிய முன்னுரை. அவர் எழுதிக்கொண்டது அப்பாட்டியார் வாயிலிருந்தா, வேறொருவர் வாயிலிருந்தா என்பதை இனி எவரைக் கேட்பது? அச்சிற் கண்டதே முடிந்த உண்மை என்று நினைத்தோம். இன்று அச்சைக் கொண்டே ஹேல் அம்மையார் பக்கம் பேசினோம் என்பதையும் மறக்கவில்லை. அங்கே அச்சிட்டவர் தாமே எழுதினேன் என்று வாழ்நாள் முழுதும் நின்றார். இங்கே அச்சிட்டவர் தாம் தொகுத்ததாகவே சொல்லியிருந்தார். அவ்வேறுபாட்டை யாம் நோக்கவில்லை.

ஆதலின் நம் கும்மிக்கு வருவோம். கீழைத்தெருவாரே! உங்கள் பாட்டனார் பாட்டுக் கட்டுவார் என்பதற்கு வேறு பாட்டு ஏதேனும் உண்டா? கணக்குப் புத்தகத்தின் பின்புறத்திலேனும், திருமண ஓலையின் ஓரத்திலேனும் அவர் கையெழுத்து இருப்பின் கொண்டுவருக. மேலைத்தெருவாரே! அச்சிட்ட தாள் இருந்தது என்பதை ஒப்புகின்றோம். எப்பொழுது, எவ்வச்சகத்தில், எதன்பொருட்டு அச்சிட்டது? முதலெழுத்துகள் இயற்றியவருடையனவா, வெளியிட்டவருடையனவா? தாளைக் கண்ணாற் கண்டவர் எவரேனும் இருப்பின் அவரும் வருக. இரு வீட்டிலும் அப்பாட்டை மனப்பாடமாக உடைய மூதாட்டியர் உளர். அவர்கள் பாடும் பாடத்தைத் தனித்தனியே எழுதிக்கொள்ள விரும்புகின்றோம். ஒருவர் பாடும்போது மற்றவர் அருகிருத்தல் வேண்டா. பாடபேதம் எங்கே பிரிகின்றது என்பதிலிருந்து எவர் வாய்வழி எவர்க்குச் சென்றது என்பது சிறிதேனும் விளங்கும். உபாத்தியாயர் கட்டியதை உங்கள் பாட்டனார் நீட்டினார் என்றோ, பாட்டனார் பாடியதை உபாத்தியாயர் திருத்தி அச்சிட்டார் என்றோ தெரியவரினும் வியப்பில்லை. ஆனால் போர்டு செய்தது போல, சமாதானத்துக்காகப் பாதியிற் கோடு கிழித்துத் தர யாம் உடன்படோம்.

வரும் தைத்திங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு இம்மண்டபத்தின் பின்னறையில் எழுதுகோலும் தாளுமாக இருப்போம். அதுவரை பாடற்றிரட்டின் அச்சுப்பணி நடக்கும். அக்கும்மியின் தலைப்பிற் பெயர்க்குரிய இடத்தை வெறுமையாக விடுமாறு அச்சகத்தாருக்குச் செயலாளர் அவர்கள் எழுதிவிட்டார்கள். எவர் பெயரும் கிட்டாதாயின் அவ்விடம் அவ்வாறே வெறுமையாக அச்சாகும்.

குழந்தைகள் எழுந்து நிற்கின்றனர். கும்மிக்கு இடம்விட்டுப் பெரியோர்கள் சற்றே பின்வாங்கி அமருமாறு வேண்டுகின்றோம். சுண்டல் அதன் பிறகு.